“ஸ்பானிஷ் வெச்சு என்ன பண்ணப் போறீங்க அத்தை?”

கேள்வி: எனக்கு 59 வயது, சொந்த ஊர் தஞ்சாவூர். பேரனைப் பார்த்துக்கொள்ள ஹூஸ்டனில் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டில் என் வயதில் ஒரு மெக்சிகோக்கார அம்மா இருக்கிறார். அவருக்கும் இங்கிலீஷ் வராது, எனக்கும் அவ்வளவாக வராது. சாயங்காலம் வாசலில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அதோடு சரி. அவரோடு பேசலாமே என்று போனில் ஒரு செயலியைப் போட்டு ஸ்பானிஷ் கற்க ஆரம்பித்தேன். ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. மருமகனோ, “முதல்ல இங்கிலீஷைச் சரியாப் பேசப் பழகுங்க அத்தை, ஸ்பானிஷ் வெச்சு என்ன பண்ணப் போறீங்க?” என்கிறார். நாலு மாதத்தில் ஊர் திரும்பிவிடுவேன். இது வீண் வேலையா?

பதில்: வீண் வேலையே இல்லை அம்மா, தாராளமாகத் தொடருங்கள். “ரொம்பப் பிடித்துப்போய்விட்டது” என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு மேல் ஒரு காரணம் வேண்டியதில்லை. ஆனாலும் மருமகன் கேட்டிருக்கிறார், அவருக்கும் பதில் சொல்ல வேண்டும் இல்லையா.

நீங்கள் இப்போது இருக்கும் டெக்சாஸ் 1821 வரை ஸ்பெயினின் கையிலும், அப்புறம் 1836 வரை மெக்சிகோவின் கையிலும் இருந்த மண். அங்கே இங்கிலீஷ் வருவதற்கு முன்னாலேயே ஸ்பானிஷ் வந்துவிட்டது. இன்றைக்கும் ஹூஸ்டன்வாசிகளில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், அமெரிக்கா முழுக்க வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் 4 கோடிக்கு மேல். ஆக, நீங்கள் கற்பது அந்த ஊர்த் தெருவில் தினமும் புழங்குகிற மொழி. மருமகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கோ அவசரத்துக்கோ இங்கிலீஷ் வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் ஒன்றைப் படித்தால் மற்றது கெட்டுப்போகும் என்று எதுவும் இல்லை. நேஷன் அங்கே நாசியோன், ஸ்டேஷன் எஸ்தாசியோன், யூனிவர்சிட்டி உனிவெர்சிதாத். இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும்.

எனக்கு உங்கள் செயலி மேல்தான் கொஞ்சம் வருத்தம். அது அநேகமாக உங்களுக்கு இங்கிலீஷ் வழியாகத்தான் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கும். நீங்கள் தமிழ் வழியாகப் போங்கள், பாதித் தூரம் குறையும். நானும் ஸ்பானிஷ் கற்றவன், அதில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷமே இதுதான், அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் வாயில் வைத்துப் பாருங்கள். ‘தோதோ’ என்று ஒரு சொல், ‘எல்லாம்’ என்று அர்த்தம். தமிழைப் படிக்கிற மாதிரியே படியுங்கள். முதல் எழுத்து ‘தோட்டம்’ என்பதில் வருகிற மாதிரி அழுத்தமாக வரும், இரண்டாவது ‘அது’, ‘இது’ என்பதில் வருகிற மாதிரி தானாகவே மெத்தென்று வரும். சரியான ஸ்பானிஷ் உச்சரிப்பும் அதுவேதான்! ‘அமீகா’ என்றால் தோழி, அதில் வரும் ‘கா’ நம் ‘மகன்’ மாதிரி குழைய வேண்டும், நீங்கள் சொன்னாலே குழையும். இரண்டு உயிருக்கு நடுவில் வரும் மெய் இளகுவது நம் பழக்கம், அவர்களிடமும் சில மெய்கள் அப்படி இளகும். இங்கிலீஷ்காரர்கள் படாத பாடு பட்டுப் பழகுவது உங்கள் நாக்கில் பிறந்ததிலிருந்து இருக்கிறது. நம் ‘ஞ’ அவர்களிடமும் உண்டு, அதற்குத் தனி எழுத்தே வைத்திருக்கிறார்கள். அப்புறம், எழுதியிருப்பதை அப்படியே படிக்கலாம் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி, இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் அது தெரியும்.

வாக்கியத்திலும் இதே கதைதான். ‘மே குஸ்தா எல் கஃபே’ என்றால் ‘எனக்குக் காபி பிடிக்கும்’. ‘மே துவேலே லா கபேசா’ என்றால் ‘எனக்குத் தலை வலிக்கிறது’. இங்கிலீஷில் ‘நான்’ போட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது, இங்கே நம்மைப் போலவே ‘எனக்கு’. ‘ஆப்லோ’ என்று சொன்னாலே ‘பேசுகிறேன்’, ‘நான்’ என்பது வினையின் வாலிலேயே இருக்கிறது. ‘செர்’, ‘எஸ்தார்’ என்று ‘இரு’ என்ற அர்த்தத்திலேயே வரும் இரண்டு வினைகளைக் கண்டால் எல்லோருக்கும் பயம், நீங்களும் சீக்கிரம் அதில் முட்டுவீர்கள், அதனால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ‘அவர் ஆசிரியை’ என்று வினை இல்லாமல் சொல்கிற இடத்தில் செர், ‘அவர் வீட்டில் இருக்கிறார்’ என்கிற இடத்தில் எஸ்தார். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, ஆரம்பத்தில் தடுமாறாமல் இருக்கப் போதும்.

கஷ்டமும் இருக்கிறது, மறைக்கவில்லை. அங்கே மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். ஏன் என்று யோசித்துத் தலையை உடைத்துக்கொள்ளாதீர்கள், ‘லா மேசா’, ‘எல் லிப்ரோ’ என்று முன்னொட்டோடு சேர்த்தே மனப்பாடம் செய்துவிடுங்கள். அதைவிடப் பெரிய தொல்லை அவர்கள் பேசுகிற வேகம். “மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபாவோர்”, இன்னும் மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். காதில் சரியாக விழாவிட்டால் மெக்சிகோவில் “மாந்தே?” என்பார்கள், மரியாதையான சொல், பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இது உடனே பிடிக்கும். நீ, நீங்கள் வித்தியாசமும் உண்டு. செயலி பெரும்பாலும் ‘தூ’ என்று ‘நீ’யைத்தான் பழக்கும். உங்கள் வயதுக்காரரிடம் ‘உஸ்தேத்’ போட்டு ஆரம்பியுங்கள், அவர் பெயருக்கு முன்னால் ‘தோஞா’ சேர்த்துக் கூப்பிடுங்கள்.

சரி, அவரோடு என்ன பேசுவது? சமையல்தான். ஒரு நாள் அவரோடு மெக்சிகோ மளிகைக் கடைக்குப் போய் வாருங்கள். சௌசௌ, கொய்யா, பப்பாளி, கொத்தமல்லி, விதவிதமாகக் காய்ந்த மிளகாய், எல்லாம் உங்களுக்குத் தெரிந்த சாமான்கள். புளிகூட இருக்கும், ‘தமரிந்தோ’ என்று கேளுங்கள், அதைக் கரைத்துச் சர்க்கரை போட்டுப் பானகம் மாதிரி குடிப்பார்கள். நம் சப்போட்டா மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த பழம், அங்கே ‘சிக்கோசபோத்தே’ என்பார்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து “கோமோ சே யாமா எஸ்தோ?”, இதுக்குப் பேர் என்ன என்று கேட்டால் போதும், அவரே பேச ஆரம்பித்துவிடுவார். அடுத்த நாள் தோர்த்தியா, அவர்களுடைய மக்காச்சோள ரொட்டி, செய்யச் சொல்லிக் கேளுங்கள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவிட்டு, அரைப்பது அவர்கள் ஊர் வழக்கம். அரைக்கிற கல்லுக்குப் பெயர் ‘மெத்தாத்தே’, நம் அம்மிதான், மூன்று கால் மட்டும் கூடுதல், குழவியை ‘மானோ’ என்பார்கள், கை என்று அர்த்தம். இப்போதெல்லாம் கடையில் மாவு வாங்குகிறவர்கள்தான் அதிகம், அவர் வீட்டிலும் கல் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவருடைய அம்மா அரைத்த கல்லைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், நீங்களும் உங்கள் அம்மியைப் பற்றிச் சொல்லுங்கள், பாதி சைகையிலேயே போனாலும் பரவாயில்லை. அந்த அரை மணி நேரப் பேச்சில் ஒட்டுகிற சொற்கள் செயலியில் ஒரு மாதம் தட்டினாலும் ஒட்டாது.

பேரனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பொது நூலகத்தில் ஸ்பானிஷ் படப் புத்தகங்கள் கிடைக்கும், அவனோடு உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள்.

ஊருக்குப் போனால் மறந்துவிடுமே என்று நீங்கள் நினைத்தால், அதற்கும் வழி இருக்கிறது. தேர்வு எழுதும் ஆசை வந்தால் டெல்லியில் ஸ்பெயின் அரசின் செர்வாந்தஸ் நிறுவனம் நடத்தும் ‘தேலே’ என்ற ஸ்பானிஷ் தேர்வு இருக்கிறது, ஆறு நிலைகள், சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. ஆனால் உங்களுக்கு நான் சொல்வது அதைவிடச் சுலபமானது. தஞ்சாவூரில் காலை ஏழு மணிக்கு நீங்கள் காபி குடிக்கும்போது ஹூஸ்டனில் முந்தின நாள் இரவு எட்டு மணி வாக்கில் இருக்கும், அவர் சமையலறை வேலையை முடித்து ஓய்ந்திருப்பார். வாட்ஸ்அப்பில் தினம் ஒரு நிமிஷம் குரல் பதிவு அனுப்புங்கள், எழுத வேண்டாம், பேசுங்கள். கிளம்புவதற்கு முன்னால் அவருடைய நம்பரை வாங்கிவிடுங்கள். “மே தா சு நூமெரோ?” என்று கேட்க வேண்டும். மகளை விட்டுக் கேட்கச் சொல்லாதீர்கள், நீங்களே கேளுங்கள்.