அறிவியல் கேள்வி – பதில்: சாவி நுழையாத பூட்டு

கேள்வி: என் அப்பத்தாவுக்கு அல்சைமர் நோய் என்று சொல்லி, இரவில் போட்டுக்கொள்ள டோனெபெசில் என்ற மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மூளையிலுள்ள ஒரு நொதிக்குள் அந்த மருந்து பூட்டில் சாவி போலப் பொருந்தியிருப்பதை எக்ஸ்ரே படமாகவே எடுத்துவிட்டார்கள் என்கிறான் தம்பி. அப்படியானால் அந்த நொதியை யாருடைய மூளையிலிருந்து எடுத்தார்கள்?
– வாசகி, தேவகோட்டை

பதில்: யாருடைய மூளையிலிருந்தும் எடுக்கவில்லை. அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் என்னும் அந்த நொதியின் வடிவம் முதன்முதலில் தெரிய வந்தது ஒரு மீனின் புண்ணியத்தால். மின்திருக்கையின் மின்னுறுப்பில் இந்த நொதி ஏராளமாக இருப்பதால், இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜோயல் சஸ்மன், இஸ்ரேல் சில்மன் ஆகியோரின் குழு அதிலிருந்து நொதியைப் பிரித்துப் படிகமாக்கி, 1991இல் அதன் அமைப்பை வெளியிட்டது. (தொண்டிக் கடற்கரையில் வாங்கிப் புட்டுச் செய்யும் திருக்கைக்குத் தூரத்து உறவு, இது பசிபிக் கடலில் வாழ்வது.) டோனெபெசில் உள்ளே அமர்ந்த நிலையிலான மீன் நொதியின் படிகம் 1999இலும், மனித நொதியின் படிகம் 2012இலும் வந்தன. மனித நொதிக்கும் மூளையைத் தொட வேண்டியிருக்கவில்லை. அதற்கான மனித மரபணுவை ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில் செலுத்தி, அவற்றைக் கொண்டே நொதியைச் செய்துகொண்டார்கள்.

உங்கள் தம்பியின் பூட்டு – சாவி உவமையைத்தான் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலினை, வேலை முடிந்ததும் நொடிக்கு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் என்ற வேகத்தில் வெட்டி அப்புறப்படுத்துவதே இந்த நொதியின் தொழில். இவ்வளவு வேகமாக வேலை செய்யும் நொதியின் வெட்டும் இடம் மேற்பரப்பிலேயே திறந்து கிடக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். படிகம் காட்டியதோ வேறு. ஏறத்தாழ 20 ஆங்ஸ்ட்ராம் ஆழமுள்ள ஒடுங்கிய பள்ளம் ஒன்று உள்ளே இறங்குகிறது. அதன் அடியில்தான் வெட்டும் இடம் ஒளிந்திருக்கிறது. ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பதால், இத்தகைய பள்ளங்கள் ஐந்து லட்சத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். நேர்மின்னேற்றம் கொண்ட அசிட்டைல்கோலினை ஈர்க்க எதிர்மின்னேற்றம் கொண்ட அமினோ அமிலங்கள் (நொதி என்னும் புரதச் சங்கிலியின் கண்ணிகள்) அங்கே நிறைந்திருக்கும் என்று பல ஆண்டுகளாக எதிர்பார்த்திருந்தார்கள். ஆனால் பள்ளத்தின் சுவரை அணிசெய்திருந்தவை பெரும்பாலும் டிரிப்டோஃபான், டைரோசின் போன்ற வளைய வடிவ அமினோ அமிலங்கள், மொத்தம் பதினான்கு. அவற்றின் தட்டையான முகங்களே நேர்மின்னேற்றத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

உங்கள் ஊர்ப் பெரிய வீடு ஒன்றின் முகப்பில் நின்று பாருங்கள். வளவு, இரண்டாங்கட்டு என்று நிலைக்கதவுகள் ஒரே நேர்க்கோட்டில் அமைந்து, பின்வாசல் வரை பார்வை ஓடும். அந்த வழியில் முதல் நிலைக்கும் கடைசி நிலைக்குமாக நீளமான மரம் ஒன்றைக் கிடத்தினால், பின்கட்டில் யார் கையையும் கட்டாமலே அங்கே நடக்கும் வேலை நின்றுவிடும். டோனெபெசில் செய்வது அதுதான். அதன் ஒரு முனையிலுள்ள வளையம் பள்ளத்தின் அடியில் 86ஆம் டிரிப்டோஃபான் (அமினோ அமில வரிசையில் 86ஆவதாக வருவது) மீதும், மறுமுனை வாயிலருகே 286ஆம் டிரிப்டோஃபான் மீதும் சாய்ந்திருக்க, நடுவிலுள்ள நைட்ரஜன் இடைவழியின் வளையங்களோடு ஒட்டிக்கொள்கிறது. வெட்டும் வேலையைச் செய்யும் செரின், குளூட்டமேட், ஹிஸ்டிடின் என்ற மூன்றையும் மருந்து நேரடியாகத் தொடவே இல்லை. இடையில் நீர் மூலக்கூறுகளே நிற்கின்றன. சாவி நுழையாமலேயே கதவு அடைபடுகிறது என்பதால்தான் பூட்டு – சாவி உவமையை நான் விரும்புவதில்லை.

இன்னொரு பயனும் உண்டு. இரத்தத்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்த பியூட்டிரைல்கோலினெஸ்டெரேஸ் என்ற நொதி இருக்கிறது. அதன் வாயிலில் அந்த டிரிப்டோஃபான் இல்லாததால், சாய்ந்துகொள்ள இடமின்றி டோனெபெசில் அதை அதிகம் தடுப்பதில்லை.

மாத்திரை நோயை மாற்றுவதில்லை. குறைந்துவரும் அசிட்டைல்கோலினைச் சிறிது நேரம் கூடுதலாகத் தங்கவைக்கிறது, அவ்வளவே. மருந்தின் பாதியளவு உடலிலிருந்து நீங்க ஏறத்தாழ 70 மணி நேரம் ஆவதால் நாளுக்கு ஒன்று போதும். அப்பத்தாவுக்குக் குமட்டலோ, தலைசுற்றலோ, நாடித்துடிப்பு குறைவதோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்; நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

கேள்வி: மனித நொதியும் டோனெபெசிலும் சேர்ந்த அமைப்பின் பிரிதிறன் 2.35 ஆங்ஸ்ட்ராம் என்று பாடத்தில் வருகிறது. கார்பன் அணுக்களுக்கு இடையே 1.5 ஆங்ஸ்ட்ராம்தானே இருக்கிறது? பிறகு அணுக்கள் எப்படித் தெரியும்?
– உயிர்த்தகவலியல் மாணவர், காரைக்குடி

பதில்: தனித்தனியாகத் தெரியாது. எவ்வளவு நுண்ணிய இடைவெளி வரை பிரித்துக் காண முடியும் என்பதன் அளவே பிரிதிறன். படிகத்தில் ஒரே திசையில் அடுக்கப்பட்ட எண்ணற்ற மூலக்கூறுகள் எக்ஸ்ரேயைச் சிதறடிக்கும்போது கிடைப்பவை புள்ளிகள். அவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறுவது எலக்ட்ரான் அடர்த்தியின் வரைபடம். இந்தப் பிரிதிறனில் அது முடிச்சுகளாகவும் தட்டைகளாகவும் தோன்றும். அமினோ அமில வரிசையும் பிணைப்புகளின் நீளமும் முன்பே தெரிந்தவை என்பதால், அந்த வடிவத்துக்குள் மாதிரியைப் பொருத்துகிறார்கள். ஹைட்ரஜன் அணுக்களைப் பார்த்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொருத்திய மாதிரியின் முதுகெலும்பு, அதாவது அமினோ அமிலங்களைக் கோக்கும் நடுச்சங்கிலி, இயலாத கோணத்தில் முறுக்கப்பட்டிருக்கிறதா என்று சோதிக்க, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரன் தம் சகாக்களோடு 1963இல் வெளியிட்ட வரைபடமே இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். படிகத்தில் காணும் பள்ளத்தின் கழுத்து, அசிட்டைல்கோலின் நுழையப் போதாத அளவு ஒடுங்கியிருக்கிறது. நொதி அசைந்து அசைந்து வழிவிடுகிறது. படிகம் காட்டுவது அதன் சராசரி நிலையைத்தான். அமைப்பின் கோப்பு புரதத் தரவு வங்கியில் 4ஈஒய்7 (4EY7) என்ற குறியீட்டில் இலவசமாகக் கிடைக்கிறது. 286ஆம் எண்ணைத் தேடி, மருந்து அதன்மேல் சாய்ந்திருப்பதை நீங்களே திரையில் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: பூச்சிமருந்தும் இதே நொதியைத்தான் தடுக்கிறதாமே? அப்படியானால் ஒன்று மருந்து, ஒன்று நஞ்சு ஆவது எப்படி?
– விவசாயி, கல்லல்

பதில்: நொதி ஒன்றுதான், பிடிதான் வேறு. மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள், டோனெபெசில் தொடாமல் விட்ட அந்தச் செரினோடு வேதிப்பிணைப்பே ஏற்படுத்திவிடுகின்றன. டோனெபெசில் வந்த வழியே வெளியேறக்கூடியது. இவை எளிதில் விடுவதில்லை. நேரம் செல்லச் செல்ல அந்தப் பிணைப்பு மேலும் இறுகி, மாற்று மருந்தாலும் பிரிக்க இயலாததாகிவிடும். தெளித்த பின் வாயில் நீர் ஊறுவது, வியர்ப்பது, கண்பாவை சுருங்குவது, மூச்சு முட்டுவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும், நஞ்சு பட்ட உடையைக் களைந்து உடம்பைச் சோப்பால் கழுவிவிட்டு, மருந்துப் புட்டியின் லேபிளோடு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.