மகள் கதை எழுதப் போகிறேன் என்கிறாள்

வணக்கம் அம்மா.

நேற்று கிளம்பும்போது, "பி.காம். சேரச் சொன்னா கதை எழுதணும்கிறா, நீங்களாவது புத்தி சொல்லுங்க சார்" என்றீர்கள். அவள் கொடுத்த மூன்று கதைகளையும் இரவே வாசித்துவிட்டேன். அவளுக்கு எழுத வருகிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்துச் சொல்வது கொஞ்சம் கசக்கும்.

தமிழில் கதை எழுதி மட்டுமே குடும்பம் நடத்துகிறவர்கள் மிகக் குறைவு. 200 ரூபாய் விலையில் ஒரு புத்தகம் 300 பிரதிகள் விற்று, எழுதியவருக்கான பங்காக 10 சதவீதம் ராயல்டி வந்தால்கூட கையில் நிற்பது 6,000 ரூபாய். அதை எழுத இரண்டு வருடம் போயிருக்கும். சிற்றிதழ்களில் பெரும்பாலும் சன்மானமே கிடையாது.

அதனால்தான் நம் எழுத்தாளர்கள் பலர் ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினார்கள். இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தார், பெருமாள்முருகன் அரசுக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்தார், பூமணி கூட்டுறவுத் துறையில் இருந்தார், சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொண்டார். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோ வேலையை 1966-ல் விட்டுவிட்டு எழுத வந்தார். சாகித்திய அகாதெமி விருது அவருக்குக் கிடைத்தது 1996-ல். அவர் துணிச்சல் பெரியது. ஆனால் பதினேழு வயதுப் பெண்ணுக்கு அந்த வழியை நான் காட்ட மாட்டேன்.

சரி, என்ன படிக்கலாம்? பி.காம்.தான் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். பி.ஏ. தமிழ் முடித்து பி.எட். படித்தால், தகுதித் தேர்வு எழுதி ஆசிரியர் வேலைக்கு முயலலாம். பணியிடங்கள் வருடா வருடம் வருவதில்லை என்பதும் உண்மை. அதனால் படிக்கும்போதே மெய்ப்பு பார்க்கவும், அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்தவும், மொழிபெயர்க்கவும் பழகட்டும். எந்த வேலையானாலும் தினமும் ஒரு மணி நேரம் அவளுக்கென்று மிஞ்ச வேண்டும்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. பத்திரிகைக்குக் கதை அனுப்பினால் பல நேரம் பதிலே வராது. வேண்டாம் என்று சொன்னாலாவது மனம் அடங்கும். பதில் இல்லாமல் மூன்று மாதம், ஆறு மாதம் போகும்போது, 'நமக்கு எழுத வராதோ' என்று தோன்ற ஆரம்பிக்கும். அந்த நாட்களில் "என்னடி, உன் கதை வந்ததா?" என்று கேட்காதீர்கள். "இப்போ என்ன எழுதுறே?" என்று கேளுங்கள். அப்புறம் ஒருநாள் அச்சில் தன் பெயரைப் பார்ப்பாள். அன்றைக்கு வீடே கொண்டாடட்டும். ஆனால் அதற்கடுத்த கதைக்கும் பதில் வராமல் போகலாம் என்று அவளுக்கும் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. அடகுக்கடை வாசலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நிற்கும் அம்மாவைப் பற்றி ஒரு கதை இருக்கிறதே, அது நான்தான் என்று சொல்லி அழுதீர்கள். மூன்றில் சிறந்தது அதுதான். அந்த அம்மாவை அவள் ஓரிடத்தில்கூடத் தாழ்த்தவில்லை. வளையல் இல்லாத கையைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் இருந்த பெண்ணைத்தான் எழுதியிருக்கிறாள். உங்களுக்கு வலித்ததை அவளிடமே சொல்லுங்கள். எழுதாதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பணம் கட்டினால் புத்தகம் போட்டுத் தருகிறோம் என்று யாராவது வந்தால் நகையை வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அவசரமே இல்லை. சாகித்திய அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்குத் தரும் யுவ புரஸ்கார் விருது 35 வயது வரை உள்ளவர்களுக்கு. அவளுக்கு அதற்கே இன்னும் 18 வருடம் இருக்கிறது.

கல்லூரி விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் ஒருமுறை இருவரும் சேர்ந்து வாருங்கள். நான்காவது கதை எழுதியிருந்தால் அதையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.