தொடை இடுக்குல இழுத்துப் பிடிச்சா எத்தனை நாள் ரெஸ்ட் எடுக்கணும்?

ரெஸ்ட் மட்டும் எடுத்தா சரியாகாதுங்க, அதை நம்பி நாலு மாசம் வீணாக்குனவன் நான். ஃபுட்பால்ல பந்தை எட்டி ஒரு சைடு பாஸ் அடிச்சேன், உள் தொடையில சுருக்குன்னுச்சு, சரி பிடிப்புதானேன்னு முழு மேட்சும் ஆடிட்டேன், மறுநாள் காலைல பேண்ட்டுக்குள்ள காலை விட முடியல. ரெண்டு வாரம் சும்மா இருப்பேன், வலி போயிடும், கிரவுண்டுக்குப் போய் ஒரே ஒரு ஸ்பிரிண்ட், திரும்ப அதே இடம். நடுவுல காலை அகட்டி அகட்டி ஸ்ட்ரெச் வேற, தசை எலும்போட ஒட்டுற இடமே புண்ணா இருக்கும்போது அதையே புடிச்சு இழுத்தா எங்க ஆறும்!

கடைசியா ஒரு பிசியோ மல்லாக்கப் படுக்க வச்சு, முட்டியை மடக்கச் சொல்லி, ரெண்டு முட்டிக்கும் நடுவுல தன் முஷ்டியை வச்சு "நசுக்குங்க"ன்னாங்க. பாதி பலம்கூட குடுக்கல, அய்யோன்னு கத்திட்டேன். அடக்டர் லாங்கஸ்னு ஒரு தசை, காலை உள்பக்கமா இழுக்கறது, இந்த ஏரியாவுல அதிகமா அடிபடறது அதுதானாம்.

அப்புறம் சொன்ன வைத்தியம் சிம்பிள், தசையை பலப்படுத்தணும். முதல்ல முட்டிக்கு நடுவுல பந்தை வச்சு நசுக்கறது, வலி பத்துக்கு ரெண்டைத் தாண்டாம. அது பழகினதும் காலுல ரப்பர் பேண்ட் மாட்டி உள்பக்கம் இழுக்கறது, அப்புறம் கோபன்ஹேகன் பிளாங்க், அதாவது ஒருக்களிச்சு மேல் காலை பெஞ்ச்ல வச்சுட்டு இடுப்பைத் தூக்கறது, மொத நாள் மூணு தடவைக்கு மேல முடியல, தொடை கிடுகிடுன்னு ஆடுச்சு. 1999ல வெளிவந்த டென்மார்க் ஆய்வு ஒன்னு இருக்கு, நாள்பட்ட இடுக்கு வலி இருந்த 68 விளையாட்டு வீரர்களை ரெண்டா பிரிச்சாங்க, பயிற்சி குரூப்ல 23 பேர் வலியில்லாம பழைய லெவலுக்கு ஆடினாங்க, மசாஜ், லேசர், ஸ்ட்ரெச்னு போன குரூப்ல வெறும் 4 பேர். பயிற்சி நடந்தது 8லேர்ந்து 12 வாரம், அதனால "எத்தனை நாள்"னு கேட்டா நாள்பட்டதுக்கு இதான் கணக்கு, புதுசா லேசா இழுத்திருந்தா ரெண்டு மூணு வாரத்துலயே ஓடலாம். எனக்கு பதினோரு வாரம் ஆச்சு, நசுக்கும்போது வலி சுத்தமா இல்லைன்னப்புறம்தான் ஷாட் அடிக்க விட்டாங்க.

ஆனா இருமுனா இடுக்குல புடைக்குது, விதையில வலி, ராத்திரி படுத்தாலும் வலிக்குது, ஒத்தக்கால்ல குதிக்கவே முடியல, இதுல எது இருந்தாலும் பந்தையும் ரப்பர் பேண்டையும் தூக்கிப்போட்டுட்டு டாக்டர்கிட்ட போங்க. நெடுந்தூரம் ஓடறவங்களுக்கு தொடை எலும்போட கழுத்துல, அதாவது இடுப்பு மூட்டுகிட்ட எலும்பு ஒடுங்கற இடத்துல, கீறல் விட்டிருக்கலாம், அதுக்கு எக்ஸ்ரே பத்தாது, எம்ஆர்ஐ வேணும்.