மாடியில் இருக்கும் கேமராவைக் கழற்ற வேண்டாம்

பெங்களூர் ராமமூர்த்தி நகரிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம்.

முதல் பியுசி (பதினோராம் வகுப்பு) படிக்கும் மகள் மொட்டைமாடியில் கேமரா மாட்டி, வானில் கீறி மறையும் எரிகற்களைப் படம் பிடிக்கிறாள், சிஇடி நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் இதெல்லாம் சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எரிகல் பார்ப்பதை மட்டும் நம்பி எந்தப் பிள்ளையையும் நான் அனுப்ப மாட்டேன். ஆனால் எரிகல்லை முறையாக அளக்கக் கற்ற பிள்ளைக்கு முன்னால் பல கதவுகள் உண்டு. உங்கள் மகள் அந்த அளவீட்டின் வாசலில் நிற்கிறாள். இப்போது நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள்.

தூக்கம் கெடுகிறதே என்ற கவலை நியாயமானது. அதற்கு வழி சுலபம். அவள் பயன்படுத்தும் ஆர்எம்எஸ் என்ற எரிகல் பதிவு மென்பொருள் பொழுது சாய்ந்ததும் தானே பதிவைத் தொடங்கி, விடிந்ததும் நிறுத்திக்கொள்ளும். கண் விழித்துக் காவல் இருக்கத் தேவையே இல்லை. பத்து மணிக்குப் படுக்கச் சொல்லுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கேமரா நொடிக்கு 25 படம் எடுக்கிறது. மென்பொருள் 256 படங்களை, அதாவது சுமார் பத்து நொடிப் பதிவை, ஒன்றாகச் சுருக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் விழுந்த அதிகபட்ச ஒளியை வைத்துக்கொள்கிறது. தேவனஹள்ளி விமான நிலையத்தில் இறங்கும் விமானம் விட்டுவிட்டு மின்னிக்கொண்டு பல படங்களைத் தாண்டிப் போகும். எரிகல் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் கீறிவிட்டு மறைந்துவிடும். இரண்டையும் பிரித்தறிந்த பிறகுதான் உண்மையான வேலை: படத்தில் உள்ள நட்சத்திரங்களை அட்டவணையோடு பொருத்தி லென்ஸின் கோணலைத் திருத்த வேண்டும். கணினியின் கடிகாரம் ஒரு நொடி பிசகினால்கூட, பூமி சுழல்வதால் வானில் 15 வில்நொடி (ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கு ஒரு வில்நொடி) தள்ளிப்போகும். இந்தப் பிழைக்கணக்கை பதினாறு வயதில் கையால் தொட்டுப் பழகுவது பெரிய விஷயம். பாடப்புத்தகம் அதைத் தராது.

ஒரு கேமரா திசையை மட்டும்தான் சொல்லும். உயரமும் வேகமும் வேண்டுமென்றால் இரண்டாவது இடம் தேவை. உங்கள் மச்சினர் கிருஷ்ணகிரியில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர் வீட்டு மாடியில் இன்னொரு கேமரா வைக்கலாம். விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம், பாதுகாப்புக் கேமராவில் வரும் சோனி சென்சாரும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியும் போதும். எரிகற்கள் பெரும்பாலும் 70 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில் ஒளிர்கின்றன. இரண்டு கேமராவும் அந்த உயரத்தில் ஒரே வானப் பகுதியைப் பார்க்கும்படி திருப்பி வைக்க வேண்டும்.

ஆகஸ்டில் வரும் பெர்சீட் என்ற எரிகல் பொழிவை நம் ஊர் மழைமேகம் மறைத்துவிடும். டிசம்பர் 14-ஐ ஒட்டி வரும் ஜெமினிட்தான் அவளுக்கு ஏற்றது. ஃபேதான் என்ற சிறுகோள் விட்டுச்சென்ற துகள்கள் அவை, நொடிக்கு சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் வருபவை. அவள் கணக்கு அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்ததா, வராவிட்டால் பிழை எங்கே என்று நாலு பக்கம் எழுதட்டும். அழகான படங்களோடு நின்றுவிட்டால் அது பொழுதுபோக்குதான்; அந்த நாலு பக்கம் பத்து சான்றிதழுக்குச் சமம் என்பேன்.

படிப்பைப் பொறுத்தவரை, ஐசர் என்ற அறிவியல் கல்வி நிறுவனங்களில் சேர்வதற்கான ஐஏடி நுழைவுத் தேர்வை இப்போதே மனதில் வையுங்கள். பிஎஸ்சி இயற்பியல் என்றால், சௌடையா சாலை நேரு கோளரங்கத்தில் கல்லூரி மாணவர்களுக்கான ரீப் என்ற இயற்பியல் பயிற்சி வகுப்புகள் உண்டு. பிறகு எம்எஸ்சிக்கு ஜாம், ஆராய்ச்சிக்கு ஜெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வுகள் உண்டு. கோரமங்களா இந்திய வான் இயற்பியல் நிறுவனம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று நீங்கள் உறுதியாக இருந்தாலும் இந்த உழைப்பு வீண்போகாது. நகரும் ஒளிக்கீற்றைப் படத்திலிருந்து பிரித்தெடுப்பது விண்வெளிக் குப்பையைக் கண்காணிப்பவர்களுக்கும் வேண்டிய திறமை. இஸ்ரோ அதற்கென்றே 2022-இல் பெங்களூரில் ஒரு மையம் திறந்தது. 1993 ஆகஸ்டில், பெர்சீட் பொழிவின்போது, ஐரோப்பாவின் ஒலிம்பஸ் செயற்கைக்கோள் கட்டுப்பாட்டை இழந்து பயனற்றுப் போனது. எரிகல் துகள் தாக்கியிருக்கலாம் என்றே கருதப்பட்டது. ஆகவே இது வெறும் வேடிக்கை பார்க்கும் துறை இல்லை, ஐயா.

டிசம்பரில் பதிவு மட்டும் நடக்கட்டும். ஆண்டுத் தேர்வு முடியும்வரை அந்தக் கோப்புகளை அவள் திறக்க வேண்டாம். ஏப்ரலில் கணக்குப் போட்டு முடித்ததும் அந்த நாலு பக்கத்தோடு அவளையும் அழைத்து வாருங்கள். இயற்பியலா கம்ப்யூட்டரா என்பதை அவளிடமே கேட்டுப் பேசலாம்.