பிடிப்பவனும் மாட்டிக்கொள்கிறான்

அன்புள்ள ஐயா,

ஸ்டெல்லாரிஸ் என்ற விண்வெளிப் போர் ஆட்டத்தில் என் மொத்தக் கப்பல் படையும் ஒரே நட்சத்திர மண்டலத்தில் அழிந்துவிட்டது. எதிரியின் விண்வெளிக் கோட்டையான ஸ்டார்பேஸில், கப்பல்களை மேலே போகவிடாத எஃப்டிஎல் இன்ஹிபிட்டர் இருந்ததால் அதைத் தாண்டி அவன் தலைநகருக்குப் போக முடியவில்லை. பின்னாலேயே அவன் படையும் வந்துவிட்டது. தப்பிக்கவே விடாத விதி நியாயமா? இதில் தந்திரத்துக்கு எங்கே இடம்? ஆட்டத்தை மாற்றி இதை நீக்கும் மாட் போடலாமா? அப்புறம், லேசர் நல்லதா, ஏவுகணையா?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மணிக்கணக்காகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய படை கண்ணெதிரே போவது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நாளாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். லேசரா ஏவுகணையா என்பதை விடுங்கள், எதிரி என்ன மாட்டியிருக்கிறான் என்று பார்த்துத்தான் அதைச் சொல்ல முடியும். மாட் உங்கள் இஷ்டம்.

ஆனால் ‘தப்பிக்கவே விடாத விதி’ என்கிறீர்களே, அது பொய். இன்ஹிபிட்டர் மற்ற வழிகளைத்தான் அடைக்கும். நட்சத்திரங்களை இணைக்கும் பாதைதான் ஹைப்பர்லேன், வந்த ஹைப்பர்லேன் வழியே திரும்பலாம். சண்டை மூண்ட பிறகும் அவசரமாகப் பின்வாங்கலாம். கப்பல்கள் அடிபட்டு, கொஞ்ச காலம் காணாமல் போய், வீடு வந்து சேரும். இரண்டு கதவு திறந்திருந்தும் நின்றது நீங்கள். பின்னால் காவலுக்கு ஒரு சின்னக் கப்பலையாவது விட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

2018 பிப்ரவரியில் 2.0 பதிப்பு வருவதற்கு முன் இதே ஆட்டத்தில், பாதையே தேவைப்படாத வார்ப் வைத்திருந்தவன் கோட்டையைச் சுற்றிக்கொண்டு போய்விடுவான். இரண்டு படைகள் ஒன்றையொன்று துரத்தியே போர் முடியும். அதிலா தந்திரம் இருந்தது?

நியாயம் கேட்டீர்கள். புறங்காட்டி ஓடுபவன் மேல் ஆயுதம் ஓங்காததை நம் பழைய இலக்கணக்காரர்கள் தழிஞ்சி என்றார்கள். அது மனிதருக்கு. ஓடவிட்ட கப்பல் பழுது பார்த்துக்கொண்டு திரும்பி வரும்.

ஈவ் ஆன்லைன் என்ற இன்னொரு விண்வெளி ஆட்டத்தில் புதிதாகச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த வேலை டாக்கிள். சின்ன ஃப்ரிகேட்டில் போய், பெரிய கப்பல் ஓடாமல் வார்ப் ஸ்க்ராம்ப்ளரால் பிடித்து வைக்க வேண்டும். அது 10 கிலோமீட்டர்கூட எட்டாது. ஒரு பேட்டில்ஷிப்பைப் பிடித்துவிட்டேன். ஒட்டிச் சுற்றிக்கொண்டிருந்ததால் அதன் பெரிய பீரங்கிகளால் என்னைக் குறி வைக்க முடியவில்லை. அப்புறம் அவன் ட்ரோன்களை அவிழ்த்துவிட்டான். ஷீல்டு போயிற்று, ஆர்மர் பாதி போயிற்று. என்னை யாரும் பிடித்து வைக்கவில்லை, எந்த நொடியும் நான் போயிருக்கலாம். போனால் அவனும் போய்விடுவான். விரல் விசை மேலேயே இருந்தது, அழுத்தவில்லை. எங்கள் ஆட்கள் வந்து இறங்கியபோது என் கப்பல் வெடித்திருந்தது. அதற்குள் வேறொருவர் ஸ்க்ராம்ப்ளரைப் போட்டுவிட்டார்.

அன்றைக்குத்தான் புரிந்தது, பிடிப்பவனும் மாட்டிக்கொள்கிறான் என்று. 1996இல் வந்த மாஸ்டர் ஆஃப் ஓரியன் இரண்டாம் பாகத்திலேயே எதிரியை ஓடவிடாத வார்ப் டிஸ்ஸிபேட்டர் உண்டு. ஸ்டார் வார்ஸ்: எம்பயர் அட் வாரில் அந்த வேலையை இன்டர்டிக்டர் கப்பல் செய்யும். அது தன் தடையை இயக்கி வைத்திருக்கும்வரை எதிரியால் பின்வாங்க முடியாது. ஆகவே அவன் முதலில் குறிவைப்பது அதைத்தான். அதைக் காக்க நீங்கள் நாலு கப்பலை ஒதுக்க வேண்டும். அந்த நாலும் முன்வரிசையில் இருக்காது. அங்கே விழும் ஓட்டையைப் பார்த்து எதிரி அடிப்பான். ஓட முடிந்தவனுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை, தோற்பது தெரிந்ததும் கிளம்பிவிடுவான். இத்தனை கணக்கும் அந்த ஒரு தடையால் பிறந்தது. தந்திரத்துக்கு எங்கே இடம் என்று கேட்கிறீர்கள்!

அந்த ஸ்டார்பேஸும் உங்களைப் பிடித்து வைக்க அங்கேயே நின்று அடிபட்டிருக்கும். அவன் படை வந்து சேர்ந்தபோது அதில் எவ்வளவு மிச்சம் இருந்தது? சேவ் ஃபைல் இருந்தால் திறந்து பார்த்து எழுதுங்கள்.