பிரிட்டனின் குயின் ராக் இசைக்குழுவில் ஜான் டீக்கனின் பங்கு என்ன? ஏன் விலகினார்?

பேஸ் கிதார் வாசித்ததோடு அவர் வேலை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் குழுவின் மிகப் பெரிய வெற்றிப் பாடல்களில் சில அவர் எழுதியவை.

1951-இல் லெஸ்டரில் பிறந்தவர். லண்டன் செல்சி கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தபோது, 1971-இல் குயினில் சேர்ந்தார். அந்தப் படிப்பு வீண்போகவில்லை. குப்பைத்தொட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்துவந்து, பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தி, கிதார் ஒலியைப் பெருக்கும், 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப் செய்தார். குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே தன் கிதாரை அதில் செருகி, ஒலியை அடுக்கடுக்காகப் பதிவு செய்தார். 'குட் கம்பெனி' பாடலில் ஒரு ஜாஸ் குழுவே வாசிப்பது போலக் கேட்கிறதே, அது அந்தப் பெட்டி வழியாக வந்த கிதார்தான்!

'யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்' மனைவிக்காக எழுதியது. அப்புறம் 1980-இல் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்'. அமெரிக்காவின் சிக் (Chic) இசைக்குழுவின் ஃபங்க் பாணியில், அதாவது தாளத்தை முன்னிறுத்தும் ஆட்ட இசையில், ஊறியவர் என்பது முதல் சில விநாடிகளிலேயே தெரிந்துவிடும். ஸ்வரங்களைவிட நடுவில் விடும் இடைவெளிதான் நம்மை ஆடவைக்கிறது. அமெரிக்காவில் அது முதலிடம் பிடித்தது. ஹெட்ஃபோனில் பேஸை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.

சரி, ஏன் விலகினார்? 1991-இல் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி இறந்தது அவரை உடைத்துவிட்டது. ஃப்ரெடி இல்லாமல் குழுவைத் தொடர்வதில் அவருக்கு விருப்பமில்லை. 1997 ஜனவரியில் பாரிஸில் கடைசியாக மேடையேறினார். 2001-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற அமெரிக்க அமைப்பு குயினைக் கௌரவித்தபோதும் அவர் போகவில்லை.