ஓடும் முன் பீட்ரூட் ஜூஸ்: எத்தனை நொடி கிடைக்கும்?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். வயது 22. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன். 1500 மீட்டர் ஓட 7 நிமிடம் 20 நொடி ஆகிறது. 7 நிமிடத்துக்குள் வந்தாக வேண்டும். பீட்ரூட் ஜூஸ் குடித்தால் மூச்சு வாங்காது என்று கூட ஓடுகிற பையன்கள் சொன்னார்கள். பதினைந்து நாளாகக் காலை 5.30க்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டு 6 மணிக்கு ஆற்றங்கரையில் ஓடுகிறேன். பீட்ரூட்டை வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, பாலும் சர்க்கரையும் சேர்த்து மிக்சியில் அடித்துத் தருகிறார் அம்மா. நேரம் ஒரு நொடிகூடக் குறையவில்லை. போதாக்குறைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகிறது, அம்மா பயந்துபோயிருக்கிறார். மறுநாள் தொடைவலி வேறு. சாயங்காலத்தில் கபடியும் ஆடுவேன். ஜூஸைத் தொடரலாமா?

பதில்: தொடரலாம். ஆனால் இப்போது நீங்கள் குடிப்பது பீட்ரூட் மில்க் ஷேக். ஓட்டத்துக்கு வேண்டிய சரக்கில் நல்ல பங்கு, வடித்துக் கொட்டிய சிவப்புத் தண்ணீரோடு போய்விட்டது. மிச்சம் இருப்பதும் நீங்கள் ஓடி முடித்து, குளித்து, சாப்பிட உட்காரும் நேரத்தில்தான் ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறுகிறது.

அந்தச் சரக்கின் பெயர் நைட்ரேட். பீட்ரூட் மண்ணிலிருந்து உறிஞ்சிச் சேர்த்து வைத்திருக்கும் உப்பு அது. தண்ணீரில் சுலபமாகக் கரையும். ஜூஸ் வயிற்றுக்குள் போனதும் நைட்ரேட் ரத்தத்தில் கலக்கிறது. அதில் ஏறக்குறைய கால் பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் இழுத்து மறுபடி வாய்க்கே கொண்டுவருகின்றன. நாக்கின் பின்பக்க மடிப்புகளில் வாழும் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அந்த உமிழ்நீரை விழுங்கும்போது நைட்ரைட் உள்ளே போய், உழைக்கிற தசையில் நைட்ரிக் ஆக்சைடு ஆகிறது. ரத்தக்குழாய் விரிவது இதனால்தான். இதைக் கண்டறிந்ததற்குத்தான் 1998இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். தசைக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு: அதே வேகத்தில் ஓட முன்பைவிடக் கொஞ்சம் குறைந்த ஆக்சிஜன் போதும். உங்கள் நண்பர்கள் ‘மூச்சு வாங்காது’ என்று சொன்னது இதைத்தான்.

வயிறு, ரத்தம், வாய், மறுபடி வயிறு என்று இவ்வளவு தூரம் சுற்றி வருவதால் இரண்டு முதல் மூன்று மணி நேரம் பிடிக்கும். அரை மணிக்கு முன் குடிப்பது, நாற்று நட்ட மறுநாள் அரிவாளைத் தீட்டுவது மாதிரி. 6 மணிக்கு ஓடுவதென்றால் 3.30க்குக் குடித்திருக்க வேண்டும். தினமும் அந்த நேரத்தில் எழுந்திருக்கச் சொல்லமாட்டேன். தூக்கம் கெட்டால் ஜூஸ் கொடுக்கும் நொடிகளைவிட அதிகம் இழப்பீர்கள். அதற்கு வழி பின்னால் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பீட்ரூட் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் எடுத்துவிடும் எண் ‘16 சதவீதம்’. இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் 2009இல் வந்த ஆய்வு அது. எட்டு ஆண்கள் ஆறு நாள், நாளுக்கு 500 மி.லி. ஜூஸ் குடித்துவிட்டு, கடினமான ஒரே சுமையில் சைக்கிள் மிதித்தார்கள். 583 நொடியில் ஓய்ந்தவர்கள் 675 நொடி வரை தாக்குப்பிடித்தார்கள். ஓய்ந்து விழும் வரை எவ்வளவு நேரம் என்ற கணக்கு இது. வேகம் 16 சதவீதம் கூடியதாக அர்த்தம் இல்லை. குறிப்பிட்ட தூரத்தை எத்தனை நிமிடத்தில் முடிக்கிறோம் என்று பார்த்தால், 40 நிமிடத்துக்கு உட்பட்ட போட்டிகளில் கிடைப்பது 1 முதல் 3 சதவீதம்தான். உங்கள் 440 நொடிக்கு அது 4 முதல் 13 நொடி. உங்களுக்குத் தேவை 20. எல்லாம் சரியாக அமைந்தாலும் ஜூஸ் மட்டும் உங்களை 7 நிமிடத்துக்குள் தள்ளாது.

மிச்சத்தைப் பயிற்சிதான் தர வேண்டும், அது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. தினமும் 1500 மீட்டரையே முழு மூச்சாக ஓடிப் பார்ப்பதை நிறுத்துங்கள். வாரத்தில் இரண்டு நாள் 400 மீட்டரை 1 நிமிடம் 48 நொடியில் ஓடி, 2 நிமிடம் நடந்து, மறுபடி ஓட வேண்டும். இப்படி ஐந்து முறை. இந்த வேகம் உடம்பில் ஊறிவிட்டால் 1500 மீட்டர் 6.45க்கு முடியும். இன்னும் இரண்டு நாள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் 30, 40 நிமிடம். ஆற்றங்கரையில் தூரத்தைக் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். கைப்பேசிச் செயலி மரத்தடியில் தப்புக் காட்டும், அளவு நாடா வைத்து ஒருமுறை அளந்து கல் நட்டுக்கொள்ளுங்கள். தேர்வில் பலர் கோட்டை விடுவது முதல் சுற்றில். கூட்டத்தோடு 1.35க்குப் பறந்துவிட்டு மூன்றாம் சுற்றில் கால் கல்லாகிவிடும். 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று, சுற்றுக்கு 1.50 என்று பிடித்தாலே 6.53க்கு வந்துவிடலாம்.

இனி ஜூஸ். டெல்டாவில் நமக்கு வரும் பீட்ரூட் பெரும்பாலும் நீலகிரி, திண்டுக்கல் பக்கத்துச் சரக்கு. லாரியில் வந்து கடையில் நாலு நாள் கிடந்தது தொட்டாலே தெரியும்: தோல் சுருங்கி, அழுத்தினால் குழியும். கல் மாதிரி கெட்டியாக, எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பதை எடுங்கள். ஒரு வேளைக்கு அரைக் கிலோ, அதாவது நான்கு காய். வேகவைக்கக் கூடாது. மண் போக மூன்று தண்ணீரில் கழுவி, தோலை மெல்லிசாகச் சீவி, சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கி, கொதித்து ஆறிய தண்ணீர் முக்கால் டம்ளர் விட்டு மிக்சியில் மைய அரையுங்கள். பச்சையாகக் குடிப்பதால் தண்ணீர் விஷயத்தில் அசட்டை கூடாது. ஓட்டத்துக்கு முதல் வாரம் டைபாய்டு வந்தால் எல்லாம் போச்சு. வெள்ளை வேட்டித் துணியில் கொட்டிப் பிழியுங்கள். சக்கையில் இன்னொரு கால் டம்ளர் தண்ணீர் தெளித்துப் பிசைந்து மறுபடி பிழிந்தால், ஒட்டிக்கொண்டிருக்கும் நைட்ரேட்டும் இறங்கிவிடும். 400 மி.லி. சுற்றி வரும். வடிகட்டினால் சத்துப் போய்விடும் என்பார்கள். போவது நார்தான், ஓடப் போகிற வயிற்றுக்கு அது இல்லாததே நல்லது.

மண்வாசம் குமட்டினால் அரை மூடி எலுமிச்சை, சுண்டுவிரல் நுனியளவு இஞ்சி. கோடை மழையின் முதல் தூறலில் வயலிலிருந்து கிளம்புமே ஒரு வாசம், அதே பொருள்தான் பீட்ரூட்டிலும் இருக்கிறது: ஜியோஸ்மின். மழைக்கு மூக்கை நீட்டுகிறவர்கள் டம்ளரைக் கண்டால் மூக்கைப் பொத்துவது வேடிக்கைதான். சர்க்கரை வேண்டாம், காயிலேயே வேண்டிய இனிப்பு இருக்கிறது. பாலும் வேண்டாம், ஓடும்போது வயிற்றில் கனக்கும்.

ஏன் அரைக் கிலோ? ஒரு வேளைக்கு 310 முதல் 560 மில்லிகிராம் நைட்ரேட் போக வேண்டும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையில் ஏற்கப்பட்ட அளவு. வெளிநாட்டு வீரர்கள் குடிக்கும் 70 மி.லி. கெட்டிச் சாற்றுப் புட்டியில் இது சுமார் 400 மில்லிகிராம் என்று அளந்து அடைத்திருப்பார்கள். நம் காயில் அப்படி அளவு கிடையாது. மண், உரம், பருவத்தைப் பொறுத்து ஒரு காய்க்கும் இன்னொன்றுக்கும் பல மடங்கு வித்தியாசம் வரும். ஒரு காயை அடித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடிப்பவருக்குப் பலன் தெரியாததில் ஆச்சரியம் இல்லை.

முதல் நாள் இரவே பிழிந்து வைக்கலாம், ஃபிரிட்ஜ் இருந்தால் மட்டும். கண்ணாடிப் பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி மூடி வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளியே வைத்தால் கிருமி பெருகி, நைட்ரேட்டைப் பாட்டிலுக்குள்ளேயே நைட்ரைட் ஆக்கிவிடும். வாயில் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தால் நல்லதான அதே மாற்றம், பாட்டிலில் மொத்தமாக நடந்தால் கெடுதல். கைக்குழந்தைக்கு ஒரு ஸ்பூன்கூட ஊட்டக் கூடாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன்: மவுத்வாஷ் போடுகிறீர்களா? கிருமி கொல்லும் மவுத்வாஷ், முக்கியமாகக் குளோர்ஹெக்சிடின் உள்ளது, நாக்கில் இருக்கும் அந்த பாக்டீரியாவை அழித்துவிடும். நைட்ரேட் வரும், மாற்ற ஆள் இருக்காது. ஜூஸ் குடித்தும் பலன் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பற்பசையில் பல் துலக்குவதில் தப்பில்லை. ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிடும் நாட்களிலும் பலன் மட்டுப்படலாம்.

3.30க்கு எழ வேண்டாம் என்றேன் அல்லவா? பயிற்சி நாட்களில் ஜூஸ் தேவையே இல்லை. கடைசி ஆறு நாள் போதும். முதல் ஐந்து நாள் உங்களுக்குத் தோதான எந்த நேரத்திலும் ஒரு வேளை குடியுங்கள். ஆறாவது, அதாவது தேர்வு நாளில் மட்டும் நேரம் பார்த்து. ஆனால் அதற்கு முன் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு ஒத்திகை பார்த்தாக வேண்டும். சிலருக்கு அரைக் கிலோ பீட்ரூட் வயிற்றை உப்பவைக்கும், கலக்கும். அது மைதானத்தில் தெரியவரக் கூடாது.

தேர்வு நாளில் 6 மணிக்கு வரச் சொல்லியிருந்தால், சான்றிதழ், உயரம், மார்பளவு எல்லாம் முடிந்து ஓட்டத்துக்கு விட எட்டானாலும் ஆகும். ஐந்து மணி வாக்கில் குடித்தால் சரி. ரத்தத்தில் ஏறியது சட்டென்று இறங்காது, இன்னும் ஓரிரண்டு மணி தள்ளிப்போனாலும் வீணாகாது. முன்னதாகவே விட்டுவிடுவார்களோ என்ற சந்தேகம் இருந்தால் நாலரைக்கே குடித்துவிடுங்கள். கூடவே ஒரு வாழைப்பழம், தண்ணீர். ஊக்கமருந்துப் பட்டியலில் பீட்ரூட் இல்லை, அந்தப் பயமும் வேண்டாம்.

சிவப்புச் சிறுநீருக்கு வருவோம். பீட்ரூட்டின் நிறமி சிலருக்குச் செரிக்காமல் அப்படியே வெளியே வரும். நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்கு இப்படி ஆகும், மலமும் சிவக்கும். உடம்பில் இரும்புச்சத்துக் குறைந்தவர்களிடம் இது கூடுதலாகத் தெரிவதால், ஹீமோகுளோபின் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இரண்டு நாள் ஜூஸை நிறுத்துங்கள். நிறம் போய்விட்டால் அம்மாவிடம் தைரியமாகச் சொல்லலாம். நிறுத்தியும் போகவில்லை என்றாலோ, கடுமையாக ஓடிய பிறகு கோலா நிறத்தில் கறுத்துப் போய்த் தசை வீங்கி வலித்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பின்னது தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை. இன்னொன்று, பீட்ரூட் குடித்தால் ரத்தம் ஊறும் என்று சொல்வது நிறத்தைப் பார்த்துச் சொல்வதுதான். நூறு கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை.

தொடைவலிக்கு ஜூஸ் கேட்குமா? ஓரளவு. நூறு முறை மேடையிலிருந்து குதிக்கவைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், ஜூஸ் குடித்தவர்களுக்குத் தாவும் வலு சீக்கிரம் திரும்பியது. மாரத்தான் ஓடியவர்களிடம் பார்த்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை. நான் இதற்காகப் பீட்ரூட் வாங்கச் சொல்லமாட்டேன். காலையில் ஓட்டம், சாயங்காலம் கபடி என்று இடைவெளி விடாததுதான் உங்கள் வலி. வேக ஓட்டம் உள்ள நாளில் கபடியை விடுங்கள். ஓடி வந்து அரை மணிக்குள் மோரும் உப்பும் போட்டுப் பழைய சோறு, இரண்டு முட்டை. ஒரு காலில் மட்டும் ஒரே இடத்தில் குத்தினால் அது வேறு சங்கதி, காட்டிவிடுங்கள்.

கபடிக்கு ஜூஸ் பொருந்தும். பாய்ந்து, பிடித்து, உடனே மறுபடி பாயும் ஆட்டத்தில் வேலை செய்யும், வேகமாகச் சுருங்கும் தசை இழைகளில்தான் நைட்ரேட்டின் விளைவு கூடுதலாகத் தெரிகிறது. சிக்கல் நேரத்தில்தான். பொங்கல் கபடியில் ‘ஒன்பதுக்கு உங்க ஆட்டம்’ என்பார்கள், மைக்கில் பெயர் வர ஒன்றரை ஆகும். ஏழுக்கு முழு அளவு குடித்துவிட்டு, பதினொன்று தாண்டியும் அழைக்கவில்லை என்றால் இன்னொரு பாதி.

வீட்டில் மற்றவர்களும் குடிப்பதானால் சிலருக்கு மட்டும் தடை. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு ஆகாது, கல்லாகப் படியும் ஆக்சலேட் இதில் அதிகம். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் ஏறும். ரத்த அழுத்த மாத்திரை எடுக்கிறவர்கள், நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் மாத்திரை வைக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது, அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்கு உங்கள் டம்ளரில் பங்கு வேண்டாம்.

பீட்ரூட் விலை ஏறினால் கடைசி வாரத்தில் சிறுகீரை, அரைக்கீரை, முள்ளங்கியைக் கூட்டிக்கொள்ளுங்கள். அவற்றிலும் நைட்ரேட் தாராளம். கீரையைக் குறைந்த தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு கடைய வேண்டும். அம்மா அதையும் வடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.